ஈறு நோய்: முதலில் டீப் கிளீனிங்கா, சிகரெட்டை விடுவதா?

புகை பிடிப்பவருக்கு ஈறு நோய் என்று பல் மருத்துவர் சொன்னதும் ஐந்து வழிகள் கண்ணில் படும். இப்போதைக்குப் பல்லைச் சுத்தம் செய்துகொண்டு சிகரெட்டை அப்புறம் பார்த்துக்கொள்வது. சிகரெட்டை முதலில் விட்டுவிட்டுப் பிறகு சிகிச்சைக்குப் போவது. பத்தை மூன்றாகக் குறைப்பது. சிகரெட்டுக்குப் பதிலாக வேறொன்றுக்கு மாறுவது. ஆடுகிற பல்லைப் பிடுங்கிவிட்டு, எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்லான இம்பிளான்ட் வைத்துக்கொள்வது. முதல் இரண்டும் தனித்தனியாகப் பாதி வேலை. ஒரே வாரத்தில் இரண்டையும் தொடங்கினால்தான் முழு வேலை. குறைப்பது, தேதி குறித்துக்கொண்டு செய்தால் மட்டும் பயன்படும். கடைசி இரண்டில் பணமும் போய்ப் பல்லும் போகிற வாய்ப்பு அதிகம். ஏன் என்று பார்ப்பதற்கு முன்னால், புகைப்பவரின் வாயில் நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைச் சரியாக அளக்க வேண்டும். ஏமாற்றம் தொடங்குவதே அங்கேதான்.

ரத்தம் வராத ஈறு

ஈறு நோய் என்றால் பல் துலக்கும்போது ரத்தம் வரும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். புகைக்காதவருக்கு அது சரி. நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. வருடக்கணக்கில் புகைப்பவரின் ஈற்றில் அழற்சி இருந்தாலும் சிவப்பும் வீக்கமும் ரத்தமும் குறைவாகவே வெளியே தெரியும். ஈறு தடித்து, வெளிறி, தொட்டால் கெட்டியாக, பார்க்க நன்றாகவே இருக்கும். கீழே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். "எனக்கு ரத்தமே வந்ததில்லையே டாக்டர்" என்று சொல்பவருக்கு எக்ஸ்ரேயில் பாதி எலும்பு காணாமல் போயிருப்பது இதனால்தான்.

காரணம் ரத்தக் குழாயோடு முடியவில்லை. கிருமியைத் தின்ன வேண்டிய வெள்ளணுக்கள் புகையால் மந்தமாகின்றன. ஈற்றைப் பல் வேரோடு ஒட்டவைக்கும் நார்த்திசு செல்கள் வேரைப் பிடித்து வளரத் தடுமாறுகின்றன. ஈறு பல்லை விட்டு விலகி நடுவே ஒரு பள்ளம் விழும், அதைத்தான் 'பை' என்கிறோம்; அதற்குள் ஆக்சிஜன் குறைவதால், ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பெருகும் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். புகைப்பவரிடம் சேதம் அதிகம் தெரியும் இடம் மேல் முன்பற்களின் உள்பக்கம், அண்ணத்தை ஒட்டிய பகுதி. கண்ணாடியில் தெரியாத இடம் அது. பிரஷ்ஷும் அங்கே ஒழுங்காகப் போவதில்லை.

ஆகவே ரத்தத்தை வைத்து முடிவெடுக்காமல் அளவைக் கேட்டு வாங்குங்கள். மருத்துவர் முனையில் அரை மில்லிமீட்டர் உருண்டை கொண்ட மெல்லிய கம்பியை ஈற்றுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறக்குவார். அதில் 3.5-இலிருந்து 5.5 மி.மீ. வரை ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். பட்டை முழுதும் வெளியே தெரிந்தால் அந்த இடத்தில் கவலை இல்லை. பாதி மறைந்தால் நடுத்தரப் பை. முழுதும் மறைந்தால் ஆழமான பை. முழு ஆய்வு என்றால் ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடங்களில் அளந்து எழுதுவார்கள். 1 முதல் 3 மி.மீ. வரை இயல்பு, 4, 5 என்றால் சிகிச்சை வேண்டும், 6-ஓ அதற்கு மேலோ போனால் சுத்தம் செய்தும் சரியாகாமல் அறுவை தேவைப்படலாம். இந்த எண்கள் எழுதிய தாளை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து எந்த வழி வேலை செய்தது என்பதைச் சொல்லப்போவது அந்தத் தாள்தான். எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டியது ஒன்றே: எலும்பின் விளிம்பு, பல்லின் வெள்ளை எனாமல் முடியும் கோட்டுக்கு 1–2 மி.மீ. கீழே இருக்கிறதா, இன்னும் கீழே போயிருக்கிறதா.

வீட்டில் கவனிக்கக்கூடியவையும் உண்டு. முன்பற்கள் நடுவே புதிதாக இடைவெளி, பல் நீண்டதுபோலத் தெரிவது, ஒரே இடத்தில் சாப்பாடு சிக்குவது, ஈற்றை விரலால் அழுத்தினால் சீழ், வாய்நாற்றம்.

எத்தனை புகைத்தால் எவ்வளவு

2000-இல் வெளியான அமெரிக்க தேசிய ஆய்வு ஒன்று இந்த விஷயத்தில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. புகைக்காதவரோடு ஒப்பிட்டால், புகைப்பவருக்கு முற்றிய ஈறு நோய் இருக்கும் வாய்ப்பு சுமார் 4 மடங்கு. நாளுக்கு 9 சிகரெட்டுக்குள் என்றால் 2.8 மடங்கு, 31-ஓ அதற்கு மேலோ என்றால் 5.9 மடங்கு. விட்டு இரண்டு ஆண்டுக்குள் இருப்பவர்களிடம் 3.2 மடங்கு இருந்தது. 11 ஆண்டு தாண்டியவர்களிடம் புகைக்காதவருக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. இந்த எண்களைக் கொஞ்சம் நேரம் பார்த்தால் போதும்: குறைப்பதால் பலன் உண்டு, ஆனால் குறைத்துவிட்டு அங்கேயே நின்றால் கிட்டத்தட்ட மூன்று மடங்கில் நிற்கிறோம்.

பல் மருத்துவர்கள் இப்போது பயன்படுத்தும் 2017 வகைப்பாட்டில் ஒரு நாளைக்கு 10 சிகரெட் என்பது எல்லைக்கோடு. பத்துக்குக் கீழே என்றால் நோய் நடுத்தர வேகத்தில் போகும் 'பி' தரம். பத்தோ அதற்கு மேலோ என்றால் வேகமாகப் போகும் 'சி' தரம். சர்க்கரை நோயாளிக்கு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அதுவும் தனியாகவே 'சி'. இரண்டும் ஒருவரிடம் இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்தாமல் ஈற்றுக்கு மட்டும் செலவழிப்பது வீண்.

பீடிக்காரர்கள் "பீடி சின்னதுதானே" என்பார்கள். 2016–17-இல் எடுத்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில் இந்தியப் பெரியவர்களில் சிகரெட் பிடிப்போர் 4 சதவீதம், பீடி பிடிப்போர் 7.7 சதவீதம். பீடியில் புகையிலை குறைவு என்பது உண்மை. ஆனால் அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருப்பதால் உள்ளே போகும் நிகோடினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் குறைவதில்லை. மருத்துவர் எத்தனை என்று கேட்டால் பீடியையும் ஒன்றுக்கு ஒன்றாகவே எண்ணிச் சொல்லுங்கள்.

சுத்தம் மட்டும் செய்தால்

சாதாரண ஸ்கேலிங் என்பது ஈற்றுக்கு மேலேயும் விளிம்பிலும் உள்ள காறையை, அதாவது பல்லில் கெட்டிப்பட்ட அழுக்குப் படிவை, அதிர்வுக் கருவியால் உடைத்தெடுப்பது. பை ஆழமாக இருந்தால் அது போதாது. மரத்துப்போக ஊசி போட்டு, வேரின் மேல் ஒட்டிய காறையை ஈற்றுக்கு அடியில் போய்ச் சுரண்ட வேண்டும். இதைத்தான் டீப் கிளீனிங் என்கிறார்கள். வாயை நான்கு பாகமாகவோ இரண்டு பாகமாகவோ பிரித்து இரண்டு மூன்று தடவையில் முடிப்பார்கள். புகைப்பவரின் காறை பெரும்பாலும் கறுத்து, கெட்டியாக ஒட்டியிருக்கும். பத்தே நிமிடத்தில் "முடிஞ்சது" என்றால் ஈற்றுக்கு மேலே மட்டும்தான் முடிந்திருக்கிறது.

புகையை நிறுத்தாமல் இதைச் செய்தால் பலன் உண்டா? உண்டு, குறைவாக. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கில், 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழமான பைகள் சுத்தத்துக்குப் பிறகு புகைப்பவரிடம், புகைக்காதவரைவிடச் சராசரியாக 0.4 மி.மீ. குறைவாகவே சுருங்கின. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் இது சராசரி; பை 4-இல் நின்று பிரஷ்ஷுக்கு அடங்குமா, 5-இல் நின்று மறுபடி சுரண்ட வேண்டுமா என்பது இப்படிப்பட்ட சிறு வித்தியாசத்தில்தான் முடிவாகிறது. எத்தனை தடவை சிகிச்சை செய்தாலும் திரும்பத் திரும்ப வரும் ஈறு நோய்க்காரர்களில் பெரும்பாலோர் புகைப்பவர்களே.

"சுத்தம் பண்ணினா பல் ஆடும்" என்ற பயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். காறை பற்களை ஒன்றோடொன்று சிமென்ட் போலப் பிடித்திருந்தால், அது போனதும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரியவரும். வீங்கிய ஈறு வற்றும்போது முன்பு காறை அடைத்திருந்த இடைவெளியும் தெரியும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சில வாரம் கூசும். கூச்சத்துக்கான பேஸ்ட்டைத் துலக்கியபின் அந்த இடத்தில் விரலால் தடவி விட்டுவிடுங்கள். இவை எல்லாம் சிகிச்சையால் வந்த கெடுதல் அல்ல.

முதலில் சிகரெட்டை விட்டால்

இது இன்னும் நேர்மையான வழி, ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. புகையை நிறுத்தியதும் சுருங்கியிருந்த ரத்தக் குழாய்கள் வேலைக்குத் திரும்புகின்றன. நிறுத்திய 4–6 வாரத்தில், அளக்கும் கம்பி தொட்டால் ரத்தம் வரும் இடங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கானதாக 2003-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு காட்டியது, அந்த இடைவெளியில் பல் துலக்குவது மோசமாகாமலேயே. காறை உள்ளே இருக்க, ஈறு விழித்துக்கொண்டு ரத்தம் கசிய, மனிதர் என்ன நினைப்பார்? "தம் அடிச்சப்ப நல்லாத்தானே இருந்துச்சு" என்று நினைத்து ஒன்றைப் பற்றவைத்துக்கொள்வார். ரத்தமும் நின்றுவிடும். மறுபடி புகைக்கத் தொடங்க இதைவிட நம்பத்தகுந்த சாக்கு கிடைக்காது.

காறையை முன்கூட்டியே எடுத்துவிட்டால் இந்த ரத்தம் கணிசமாகக் குறையும். வந்தாலும் அது ஈறு மறுபடி உயிர்பெறுவதன் அடையாளம் என்று மருத்துவர் முன்பே சொல்லிவைத்திருக்க வேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் கேட்டு வையுங்கள்.

அதனால் நாங்கள் பரிந்துரைப்பது இரண்டையும் ஒரே தேதியில் கட்டுவது. முதல் சந்திப்பில் அளவும் எக்ஸ்ரேயும். அன்றே ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு தேதி: அதுவே டீப் கிளீனிங்கின் முதல் பகுதி, அதுவே கடைசி சிகரெட்டுக்கு மறுநாள். ஊசி போட்டு வாய் மரத்து, ஈறு வலித்து, பல் வழவழவென்று சுத்தமாக இருக்கும் முதல் ஒன்றிரண்டு நாளில் புகைக்கும் ஆசை கொஞ்சம் அடங்கியிருக்கலாம். அந்த இலவச இரண்டு நாளை வீணாக்க வேண்டாம். மீதிப் பகுதிகளை அடுத்த இரண்டு வாரத்தில் முடித்து, எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். அதற்கு முன் அளப்பதில் பொருளில்லை, ஈறு ஒட்ட அவகாசம் வேண்டும்.

குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீத மவுத்வாஷ் கொடுத்தால் ஒரு வேளைக்கு 10 மி.லி., நாளுக்கு இருமுறை, இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம். பேஸ்ட் போட்டுத் துலக்கி அரை மணி நேரம் கழித்துக் கொப்பளியுங்கள். பேஸ்ட்டின் நுரைப்பொருள் மருந்தை முடக்கிவிடும். பல் பழுப்பாகும், டீ காபி குடித்தால் இன்னும் அதிகம். அது போகும். மவுத்வாஷ் பைக்குள் போகாது, ஆகவே அதைச் சிகிச்சை என்று எண்ணிவிடாதீர்கள். பற்களின் நடுவே விட்டு இழுக்கும் சின்ன பிரஷ்தான் புகைப்பவருக்கு அதிகம் உதவுவது. இடைவெளிக்கு இறுக்கமாக, ஆனால் கம்பி வளையாமல் போகும் அளவைப் பார்த்து வாங்குங்கள். ஒரே வாயில் இரண்டு அளவு தேவைப்படுவது சகஜம்.

விடுவதற்கு எதைப் பிடிப்பது

மனவுறுதி மட்டும் கொண்டு ஒரே நாளில் நிறுத்துவது நாளுக்கு நான்கைந்து பிடிப்பவருக்கு நடக்கலாம். காலையில் எழுந்து அரை மணிக்குள் முதல் சிகரெட் வேண்டும் என்பவருக்கு மருந்துத் துணை இல்லாமல் முயல்வது வீம்பு.

நிகோடின் சூயிங்கம் எளிதில் கிடைப்பது. அரை மணிக்குள் முதல் சிகரெட் என்றால் 4 மி.கி., இல்லையென்றால் 2 மி.கி. முதல் ஆறு வாரம் ஒன்று அல்லது இரண்டு மணிக்கொரு முறை, அடுத்த மூன்று வாரம் இரண்டு முதல் நான்கு மணிக்கொரு முறை, கடைசி மூன்று வாரம் இன்னும் இடைவெளி விட்டு என மொத்தம் 12 வாரம். மெல்வதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். பபிள்கம் மாதிரி விடாமல் மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும், ஆசை அடங்காது. காரமாக, மிளகு போலச் சுள்ளென்று தெரியும் வரை மெதுவாக மெல்ல வேண்டும். தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈற்றுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். சுள்ளென்பது அடங்கியதும் மறுபடி மென்று வேறு பக்கம் ஒதுக்க வேண்டும். ஒன்று அரை மணி வரை தாங்கும். அதற்கு முந்தைய கால் மணி நேரத்தில் காபி, எலுமிச்சை ஜூஸ், சோடா எதுவும் கூடாது. வாய் புளித்திருந்தால் நிகோடின் உறிஞ்சப்படாது. தமிழ்நாட்டில் சிகரெட் டீக்கடையோடு பிறந்தது, ஆகவே டீ குடித்துக்கொண்டே கம் மெல்கிறவர்கள் நிறைய. வேலை செய்யவில்லை என்று அவர்கள் சொல்வதில் வியப்பில்லை.

இந்த கம் ஈற்றைக் கெடுக்காதா என்று கேட்பார்கள். நிகோடின் இருப்பதால் ஓரளவு ரத்தக் குழாய் சுருங்கும். ஆனால் புகையோ தாரோ கார்பன் மோனாக்சைடோ இல்லை. மூன்று மாதத்தில் முடியப்போவது. வருடக்கணக்கில் புகைப்பதோடு ஒப்பிடவே முடியாது.

பல் ஆடுபவருக்கும் கழற்றி மாட்டும் பல்செட் உள்ளவருக்கும் கம் சரிவராது, ஒட்டிக்கொண்டு இழுக்கும். அவர்களுக்குத் தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச். நாளுக்குப் பத்துக்கு மேல் புகைத்தவருக்கு 21 மி.கி. ஆறு வாரம், 14 மி.கி. இரண்டு வாரம், 7 மி.கி. இரண்டு வாரம். தினம் காலையில் முடியில்லாத தோலில் ஒட்டி, மறுநாள் இடத்தை மாற்றுங்கள், அரிப்பு குறையும். தூக்கம் கெட்டால் இரவில் எடுத்துவிடலாம். பேட்ச் போட்டும் திடீரென்று ஆசை வந்தால் 2 மி.கி. கம் ஒன்றைச் சேர்த்துக்கொள்வது மருத்துவர்கள் அனுமதிக்கும் முறை.

அதிகம் புகைப்பவருக்கு எங்கள் முதல் தேர்வு வரெனிக்ளின் மாத்திரை, மருத்துவர் சீட்டுடன். நிறுத்தும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும்: மூன்று நாள் 0.5 மி.கி. ஒரு வேளை, நான்கு நாள் 0.5 மி.கி. இரு வேளை, பிறகு 1 மி.கி. இரு வேளை, மொத்தம் 12 வாரம். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். சாப்பிட்டபின் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும். பியூப்ரோபியான் இன்னொரு மாத்திரை. வலிப்பு வந்தவர்களுக்கு ஆகாது.

குறைப்பதும் மாறுவதும்

எண்ணிக்கையைக் குறைப்பவர் தெரியாமலே ஒவ்வொன்றையும் அடிவரை, ஆழமாக இழுக்கிறார். எண்ணிக்கை பாதியானாலும் உடம்புக்குள் போவது பாதியாவதில்லை. நிறுத்தும் தேதிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் மட்டும் குறைப்பது பயன்படும். அதிலும் எண்ணிக்கையைவிட காலையின் முதல் சிகரெட்டை நாளுக்கு நாள் அரை மணி தள்ளிப்போடுவது மேல்.

மாறுவதில் மோசமானது உதட்டுக்குள் வைக்கும் புகையிலை. வைக்கும் இடத்தில் ஈறு இறங்கி வேர் வெளியே வரும், வெள்ளைத் திட்டு விழும், புற்றுநோய்க்கு அதுவே வழி. பாக்கு சேர்ந்தால் வாய் திறக்க முடியாமல் போகும். இ-சிகரெட் இந்தியாவில் 2019 சட்டப்படி தடைசெய்யப்பட்டது. அதிலும் நிகோடின் இருப்பதால் ரத்தத்தை மறைக்கும் வேலை அப்படியே நடக்கும். 'லைட்' சிகரெட்டும் ஹூக்காவும் பேசத் தகுதியற்றவை. கை சும்மா இருக்காது என்றால் ஏலக்காய், சோம்பு, கிராம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

பிடுங்கிவிட்டு இம்பிளான்ட்

புகைப்பவரிடம் இம்பிளான்ட் தோற்கும் வாய்ப்பு புகைக்காதவரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இம்பிளான்டுக்கு ஈறு நோய் வராது என்பதும் தவறு. அதைச் சுற்றியும் பை விழும், எலும்பு கரையும், அதைச் சரிசெய்வது இயற்கைப் பல்லைவிடக் கடினம். பிடுங்கிய குழியில் ரத்தக்கட்டி கரைந்து எலும்பு வெளியே தெரியும் பொறுக்கமுடியாத வலியும் புகைப்பவருக்கே அதிகம். பிடுங்கினால் குறைந்தது மூன்று நாள் புகையே கூடாது. பல் பக்கவாட்டில் மட்டும் ஆடினால் பெரும்பாலும் காத்திருக்கலாம். மேலும் கீழும் அமுங்கி ஆடினால்தான் பிடுங்குவது பற்றிப் பேச வேண்டும். ஈற்றைத் திறந்து வேரைச் சுத்தம் செய்யும் ஃபிளாப் சர்ஜரிக்கும் இதே நிலைதான். மூன்றாம் மாதம் அளக்கும்போது 6 மி.மீ. பைகள் மீதம் இருந்தால், புகையை நிறுத்தியவருக்கு அது நல்ல அடுத்த படி. நிறுத்தாதவருக்கு தள்ளிப்போடுவதே நல்லது. இம்பிளான்ட் வைத்தே ஆக வேண்டும் என்றால் அறுவைக்கு ஒரு வாரம் முன்பிலிருந்து எட்டு வாரம் பின்பு வரை ஒன்றுகூடத் தொடாமல் இருப்பது குறைந்தபட்ச நிபந்தனை.

செலவு யோசிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு சிகரெட் 20 ரூபாய் என்று வைத்தால் நாளுக்குப் பத்து, மாதம் 6,000 ரூபாய். தனியார் கிளினிக் கட்டணம் கட்டுப்படியாகாது என்றால் சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் ஈறு சிகிச்சைத் துறைக்கே நேராகப் போகலாம். பல பல் மருத்துவக் கல்லூரிகளில் புகையிலை நிறுத்த ஆலோசனை மையமும் உண்டு. தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356, கட்டணமில்லை. பாக்கெட்டின் மேலேயே அச்சடித்திருக்கும்.

நடுவில் ஒருநாள் புகைத்துவிட்டால் சிகிச்சையை விட்டுவிட வேண்டாம். அடுத்த சந்திப்பில் அதை மறைக்காமல் சொல்லுங்கள்: சர்ஜரிக்குத் தேதி குறித்திருந்தால் மருத்துவர் அதைத் தள்ளிவைப்பார், சுத்தம் செய்யும் தேதி மாறாது. முதல் ஆண்டு முழுக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும், ஆண்டு முடிவில் அதே பற்களுக்கு அதே கோணத்தில் இன்னொரு எக்ஸ்ரே எடுத்துப் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.